ஆவி மறுபடி தண்ணீராக வேண்டும்

அணு உலை என்றதும் எல்லோரும் கதிர்வீச்சைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் ஆவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தேக்கா கடைகளில் இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அந்த ஆவி.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டராக விரியும். உலையின் குழாய் உடைந்தால் அத்தனை ஆவியும் காப்புக் கட்டடத்தில் நிறையும். அதை மறுபடி தண்ணீராக்காவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ராஜஸ்தானில் 1973இல் உற்பத்தி தொடங்கிய உலையில் இதற்காக மேலே ஒரு பெரிய தொட்டி வைத்தார்கள். விபத்து நேர்ந்தால் மழைபோலக் கொட்டும். கல்பாக்கத்தில், 1984இல் உற்பத்திக்கு வந்த உலையில், அதை மாற்றிக் கட்டடத்தின் அடியில் ஒரு குளமே அமைத்துவிட்டார்கள். ஆவி அந்த நீருக்குள் புகுந்து அடங்கும்.

ஏன் இவ்வளவு பாடு? குளிர்ந்த சுவரில் ஆவி தானாகப் படியாதா என்று கேட்கலாம். படியும், ஆனால் மெதுவாக. ஜெர்மானியர் நூசெல்ட் 1916இல் போட்ட கணக்கு தூய ஆவிக்கானது. நூற்றில் அரைப் பங்கு காற்று கலந்தாலே வெப்பம் கடத்துவது ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று ஆத்மர் 1929இல் காட்டினார். ஆவி நீராகிப்போக, காற்று மட்டும் சுவரோரம் போர்வைபோலத் தங்கிவிடுகிறது. விபத்திலோ, சூடேறிய எரிபொருள் உறை ஆவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனும் சேர்ந்துகொள்ளும்.

2011 மார்ச் 11, ஃபுக்குஷிமா. முதல் உலையில் பம்பு இல்லாமலே ஆவியை நீராக்கும் கருவி இருந்தது. சுனாமியில் மின்சாரம் போனபோது அதன் வால்வுகள் மூடிக்கிடந்தன. அது ஓடுகிறது என்றே பொறுப்பாளர்கள் பல மணி நேரம் நினைத்திருந்தார்கள். கூடங்குளத்தில் வெளிக்காற்றே ஆவியைக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு உண்டு. இடிந்தகரை மக்களுக்கு இட்லிப் பானையை வைத்தே இதை விளக்கியிருக்கலாம்.

நமக்கு இதில் என்ன? ஃபுக்குஷிமாவில் 20 கிலோமீட்டர் சுற்றளவில் ஊரைக் காலிசெய்தார்கள். நம் தீவின் நீளமே சுமார் 50 கிலோமீட்டர். அன்றைய தொழில்நுட்பம் சிங்கப்பூருக்குப் பொருந்தாது என்று 2012இல் அரசாங்க ஆய்வு சொன்னது. ஆனாலும் 2014இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணுப் பாதுகாப்பு ஆராய்ச்சி தொடங்கியது. 2025இல் அது தனிக் கழகமாக வளர்ந்தது. கட்டாத நாட்டுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்பவர்களுக்கு ஒரு தகவல்: வியட்நாம் தன் அணுமின் திட்டத்தை 2024இல் மறுபடி கையில் எடுத்துவிட்டது.