மனிதரும் அகச்சிவப்புப் பார்வையும்

அகச்சிவப்புப் பார்வை என்பது பொருட்கள் உமிழும் வெப்பக் கதிர்வீச்சை இருளிலும் உணரும் திறன் ஆகும். குழிவிரியன் பாம்புகள் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையேயுள்ள குழி உறுப்பால் வெப்பத்தை உணர்கின்றன. மனிதருக்கு இத்தகைய உறுப்பு இல்லை.

காரணங்கள்

மனிதக் கண் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களையே உணரும். மனித உடல் உமிழும் கதிர்வீச்சின் உச்சமோ 10,000 நானோமீட்டருக்கு அருகில் உள்ளது. இக்கதிர்களைக் கண்ணிலுள்ள நீர் உறிஞ்சிவிடுகிறது. விழித்திரை நிறமியைத் தூண்டும் ஆற்றலும் இவற்றின் ஒளியணுக்களுக்கு இல்லை. விழித்திரை இவற்றை உணர்வதாயின், கண்ணின் சொந்த வெப்பமே பார்வையை மறைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் வெப்பம்

பொருட்கள் ஏறத்தாழ 525 °செ வெப்பநிலையில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குகின்றன. இது திரேப்பர் புள்ளி எனப்படும். 1,000 நானோமீட்டர் அளவிலான லேசர் துடிப்புகளை மனிதர் பச்சை நிறமாகக் காண்பது 2014 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இரு ஒளியணுக்கள் ஒரே நேரத்தில் உறிஞ்சப்படுவதே இதற்குக் காரணம். உடல் வெப்பத்தால் இவ்விளைவு ஏற்படாது.

இருளில் தெரியும் கை

முழு இருளில் தம் கை அசைவதைக் காண்பதாகச் சிலர் கூறுவர். ரோச்செசுட்டர் பல்கலைக்கழகத்தினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோருள் ஏறத்தாழ பாதிப்பேர் இவ்வாறு உணர்ந்தனர். அவர்களுடைய கண்களும் கையைச் சீராகப் பின்தொடர்ந்தன. கையை அசைக்கும் மூளையே அக்காட்சியையும் உருவாக்குகிறது. இதில் வெப்பத்திற்குப் பங்கில்லை.