கம்பம் பன்னீர்த் திராட்சை: 1832 என்னும் ஆண்டும் ஒரு வகையின் பிறப்பும்

முன்னுரை

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் அதனைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்னும் செய்தி அதனையொட்டிப் பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. அச்செய்தியை அவ்வகையின் பிறப்பு வரலாற்றோடு ஒப்பிட்டு, வெப்பமும் வறட்சியும் மிக்க நிலங்களுக்குரிய உண்ணுதிராட்சை வகைகளை மதிப்பிடுவதற்கு அவ்வொப்பீடு தரும் பாடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வகையின் பிறப்பு

பன்னீர்த் திராட்சை என்பது தோட்டக்கலை நூல்கள் மஸ்கட் ஹாம்பர்க் எனக் குறிக்கும் வகையாகும். 1850ஐ ஒட்டி இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷையரில் சீவர்ட் ஸ்னோ என்னும் தோட்டக்கலைஞர் இதனை வளர்த்தெடுத்தார். பிளாக் ஹாம்பர்க், அலெக்சாண்டிரியா மஸ்கட் ஆகிய இரண்டுமே இதன் பெற்றோர் என்பதை இத்தாலிய ஆய்வாளர் மன்னா கிரெஸ்பான் 2003இல் வெளியிட்ட மரபணு ஆய்வு உறுதிசெய்தது.

இவற்றுள் பிளாக் ஹாம்பர்க் இலண்டன் தமிழர்க்கு அயலானதன்று. தமிழர் பலர் வாழும் வெஸ்ட் ஈலிங்கிற்குத் தெற்கே, தேம்ஸ் கரையிலுள்ள ஆம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நடப்பட்ட பெருங்கொடி அவ்வகையினதே. அது இன்றும் கண்ணாடிக் கூடத்தினுள் ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கிறது.

1850ஐ ஒட்டிப் பிறந்த வகை 1832இல் தமிழகம் வந்திருக்க இயலாது. பாதிரியார் கொணர்ந்தது வேறொரு திராட்சையாகலாம். அன்றி, திராட்சையின் முதல் வருகையும் இவ்வகையின் பிந்தைய வருகையும் ஊர் நினைவில் ஒன்றாகியிருக்கலாம். எவ்வாறாயினும், திராட்சை வந்த ஆண்டும் இவ்வகை வந்த ஆண்டும் வேறு வேறெனக் கொள்ளுதல் வேண்டும்.

நிலமும் உழவரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு, 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரைப் பெறுகிறது. குளிர்நாட்டுக் கொடி இலையுதிர்த்து உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். கம்பத்தில் அவ்வுறக்கத்துக்கு இடமில்லை. பந்தலில் படர்ந்த கொடியை உழவர் கவாத்து செய்து துளிர்க்கவைக்கின்றனர். ஏறத்தாழ நான்கு மாதங்களில் கனி முதிர்கிறது. தோட்டந்தோறும் கவாத்துக் காலம் வேறுபடுவதால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடை நிகழ்கிறது. மகாராட்டிரத்தில் பெரிதும் பயிராகும் தாம்சன் விதையிலா வகையோ, ஏப்ரலிலும் அக்டோபரிலும் இருமுறை கவாத்து செய்தும் ஒரு விளைச்சலே தருகிறது.

எனவே ஒரு வகையின் தகுதியை ஒரு பருவ விளைச்சல், இனிப்பு ஆகியவற்றால் மட்டும் அளத்தல் போதாது. பன்னீர்த் திராட்சைக்கு விதையுண்டு, தோல் மெல்லிது, நெடுந்தொலைவுப் பயணத்தைத் தாங்காது. ஏற்றுமதிச் சந்தையின் அளவுகோலில் அது பின்தங்கும். குளிர்காலமற்ற நிலத்தில் அடுத்தடுத்த கவாத்துக்கு ஈடுகொடுத்துக் காய்க்கும் திறன், சிறு உழவர்க்கு ஆண்டில் பலமுறை வருவாய், அண்மைச் சந்தையின் சுவை விருப்பம் ஆகியவற்றையும் சேர்த்து அளந்தால் அது முன்நிற்கும்.

முடிவுரை

குளிர்நாட்டில் உருவான ஒரு வகை வெப்பநிலத்தின் அடையாளமானது தொன்மையால் அன்று. கவாத்தும் பந்தலும் நீர்ப்பாய்ச்சலும் கொண்டு தலைமுறைதோறும் உழவர் தம் தோட்டங்களிலேயே நிகழ்த்திய வகைத்தேர்வின் பயன் அது. 1832 என்னும் ஆண்டு இவ்வகைக்குப் பொருந்தாதெனினும், புவிசார் குறியீட்டின் நியாயம் குறைவதில்லை; அந்நியாயம் உழவரின் உழைப்பில் நிலைகொள்கிறது. புதிய விதையிலா வகைகளை அப்பள்ளத்தாக்கிற்குப் பரிந்துரைப்போர், அவ்வுழைப்பு வகுத்த அளவுகோல்களையும் தம் சோதனைகளில் இடம்பெறச் செய்தல் வேண்டும்.