மரவள்ளி ஆணம்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முஸ்லிம் இல்லங்களில் குழம்பிற்கு வழங்கும் பெயர் ஆணம். மீன் கிடைக்காத நாளில் தேங்காய்ப்பாலில் மரவள்ளிக்கிழங்கு வேகும். துணைக்கு முருங்கையிலைச் சுண்டல். மாலைத் தேநீருக்கு அவித்த கிழங்கும் சம்பலும்.

இவ்வெளிய உணவின் பூர்வீகம் நெடுந்தொலைவில் உள்ளது. தென்னமெரிக்கக் கிழங்கான மரவள்ளியை ஒல்லாந்த ஆளுநர் வான் டெர் கிராஃப் 1786இல் மொரீசியசிலிருந்து இலங்கைக்குக் கொணர்வித்தார். சம்பலில் சேரும் மிளகாய் அதற்கும் முன்னரே போர்த்துக்கேயர் வழியாக வந்தது. அதே போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைத்தான் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். கல்முனைக் கரையும் அன்று அப்பகுதியைச் சேர்ந்ததே. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். விரட்டியவர் கொணர்ந்த மிளகாய், விரட்டப்பட்டோர் வழிவந்தவர்களின் அம்மியில் அரைபட்டது. வரலாற்றின் விசித்திரம் இது!

1973–74இல் உணவு இறக்குமதி சுருங்கி, அரிசிப் பங்கீடு குறைந்தபோது, இலங்கையில் எத்தனையோ குடும்பங்களின் பசியை ஆற்றியது மரவள்ளியே. அதனாலேயே அது ஏழையின் உணவென்று இகழவும்பட்டது.

இக்கிழங்கில் நஞ்சும் உண்டு. வேகும்போது அது ஆவியாக வெளியேற வேண்டும். ஆகவே பானையை மூடாமல் அவிப்பர். வேதியியல் கல்லாத உம்மாக்கள் மகள்மாருக்கு வாய்மொழியாகக் கையளித்த அறிவு அது.

மன்னர்களின் ஆண்டுகளை ஏடுகள் காத்தன. பானையை மூடாதே என்ற எச்சரிக்கையை எந்த ஏடு காத்தது? உங்கள் உம்மாவிடமோ அம்மாவிடமோ கேட்டு, இன்றே எழுதி வையுங்கள்.