ஞாயிற்று விருந்தில் மிளகுத் தண்ணீர்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசாணைகளிலும் போர்க்களங்களிலும் மட்டுமே தேடினால் போதாது. மக்கள் உண்ட உணவிலும், அது பரிமாறப்பட்ட முறையிலும், அமர்ந்து உண்டவர் யார், நின்று பரிமாறியவர் யார் என்பதிலும் வரலாறு பதிந்து கிடக்கிறது. இன்று ஷா ஆலத்திலும் கோலாலம்பூரிலும் சனி, ஞாயிறு நாள்களில் முற்பகல் பதினொரு மணியளவில் உணவு விடுதிகள் நிரம்புகின்றன. காலை உணவுக்குப் பிந்தியும் நண்பகல் உணவுக்கு முந்தியும் பல வரிசைகளாகப் பரிமாறப்படும் இவ்விருந்தைப் 'பிரஞ்ச்' என்கின்றனர். மேல்நாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய நாகரிகம் இது என்றே பலரும் கருதுவர். கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அக்கருத்து பாதி உண்மையே. பெயர் புதிது, பழக்கம் பழையது. அப்பழக்கத்தின் வேரோ தமிழ்ச் சமையலறையில் இருக்கிறது.

முதலில் பெயரை நோக்குவோம். காலை உணவைக் குறிக்கும் 'பிரேக்ஃபாஸ்ட்', பகல் உணவைக் குறிக்கும் 'லஞ்ச்' ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்களும் இணைந்து பிறந்தது 'பிரஞ்ச்'. 1895ஆம் ஆண்டில் கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர் 'ஹண்டர்ஸ் வீக்லி' என்ற இதழில் இச்சொல்லை வைத்து ஒரு கட்டுரை வரைந்தார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருப்போர் ஞாயிறன்று தாமதமாக எழுந்து இனிதே உண்ணலாம் என்பது அவர் வாதம். இச்சொல் மலாயாவில் வழங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, இங்கிருந்த ஐரோப்பியர் தமக்கென ஒரு ஞாயிற்று விருந்தை வகுத்துக்கொண்டிருந்தனர். அதன் பெயர் 'கறி டிபன்'.

'டிபன்' என்னும் சொல் தமிழ்நாட்டில் இட்லி, தோசை முதலிய சிற்றுண்டியைக் குறிக்கும். ஆங்கிலேயர் வழக்கில் அது பகல் உணவைக் குறித்தது. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம், இதனைப் பழைய ஆங்கிலப் பேச்சுவழக்கிலிருந்து வந்ததாகக் கொள்கிறது. அவருள் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றி, சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். ஆகவே, 'டிபன்' என்ற பெயர் தமிழன்று. ஆனால், அவ்விருந்தின் முதல் வரிசையில் வந்த உணவின் பெயர் ஐயத்திற்கிடமின்றித் தமிழாகும்.

அதுவே 'மல்லிகட்டானி' என ஆங்கிலேயர் திரித்து வழங்கிய மிளகுத் தண்ணீர். 1784ஆம் ஆண்டில், மைசூர்ப் போரில் சிறைப்பட்டுப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஓர் ஆங்கிலேயர் இயற்றிய பாட்டிலேயே இச்சொல் வந்துள்ளதாக மேற்கூறிய களஞ்சியம் காட்டுகிறது. கைதியின் உணவாகப் பாட்டில் புகுந்த சொல், பின்னர் ஆளுநர் மாளிகையின் உணவுப் பட்டியலிலும் ஏறிற்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயரைப் பிற மாகாணத்தார் 'மல்' என்று கேலிப்பெயரிட்டு அழைத்தனர். அதுவும் இச்சொல்லின் குறுக்கமே. 'கறி' என்னும் சொல்லும் இவ்வாறே தமிழிலிருந்து சென்று உலகமெங்கும் பரவிற்று.

சொல்லோடு பொருளும் மாறியதை ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும். தமிழர் இலையில் இரசம், குழம்புச் சோற்றுக்குப் பின் வருவது. செரிமானத்திற்குத் துணை செய்வது. ஐரோப்பியர் உணவு முறையிலோ 'சூப்' முதலில் வருதல் மரபு. ஆகவே அவர்கள் மிளகுத் தண்ணீரை விருந்தின் தலைவாயிலுக்குக் கொண்டுபோயினர். அதில் இறைச்சியும் சேர்த்தனர். இரசம் வேறு, மல்லிகட்டானி வேறு என்று சொல்லத்தக்க அளவுக்கு இரண்டும் பிரிந்துவிட்டன.

மலாயாவில் கறி டிபன் நடந்த முறை வருமாறு: முதலில் குடிவகை, அடுத்து மிளகுத் தண்ணீர், அதன்பின் சோறும் கோழிக்கறியும். அவற்றைச் சூழ்ந்து சிறு கிண்ணங்களில் தேங்காய்த் துருவல், வறுத்த நிலக்கடலை, நறுக்கிய வாழைப்பழம், வெள்ளரி, வெங்காயம், கருவாடு, அப்பளம், துவையல் ஆகியவை வரும். இவற்றைப் பொதுவாகச் 'சம்பல்' என்றனர். இறுதியில் 'குலா மலாக்கா': சவ்வரிசியை வேகவைத்துக் குளிரச் செய்து, தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றிய இனிப்பு. பின்னர், பகல் உறக்கம். அண்டையிலிருந்த டச்சுக்காரரின் சாவகத்திலும் 'ரைஸ்டாஃபல்' என்னும் பெயரில் இதுபோன்ற பெருவிருந்து வழங்கியது.

இவ்விருந்தை ஆக்கியவர் பெரும்பாலும் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனச் சமையற்காரர்கள். தமிழ்நாட்டு மசாலைப் பொருள்களும், மலாய் மக்களின் தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும், சீனர் கைத்திறனும் ஒன்றுகூடி ஆங்கிலேயர் மேசைக்குச் சென்றன. 1921இல் கோலாலம்பூர் பத்து சாலையில் தொடங்கிய கொலீசியம் உணவு விடுதி தோட்டத் துரைமார் கூடும் இடமாக விளங்கியது. அதனை நடத்தியவரும் ஹைனானியரே. மூவினத்தாரின் உழைப்பும் ஒரு மேசையில் கலந்தது. ஆயினும் அம்மேசையில் அமரும் உரிமை அம்மூவருள் பெரும்பாலோர்க்கு இருந்ததில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லயத்தில் எப்படி இருந்தது? பால்மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்னரே. வெயில் ஏறினால் பால் குறையும். எனவே, தொழிலாளர் இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். 1920களின் இறுதியில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண் தொழிலாளிக்கு 40 காசும் நியமக் கூலியாக வகுக்கப்பட்டன. 1930களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசியே அவர்தம் முதன்மை உணவு. பல வரிசை விருந்தின் தொடக்கம் தமிழ்ச் சொல்லாயிருந்தும், அச்சொல்லுக்கு உரிய மக்கள் கஞ்சியையும் பழைய சோற்றையும் கொண்டே நாளைத் தொடங்கினர்.

இந்த ஏற்றத்தாழ்வு கூலியோடு நிற்கவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில், சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகட்கு நல்ல கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு வேறொன்றும் இருந்தது. துரையோ தோட்ட அலுவலரோ எதிரில் வந்தால், தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. வயிற்றுப் பசிக்கும் மேலாக மானப் பசி ஒன்று உண்டு என்பதை அக்கோரிக்கை காட்டுகிறது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர்.

இந்த வரலாற்றுக்கும் இன்றைய ஷா ஆலத்திற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்நகர் எழுந்த நிலம் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்தது. இரப்பரும் செம்பனையும் அங்கே விளைந்தன. 1960களில் தோட்டம் நகராக மாறத் தொடங்கியது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான பின், 1978 டிசம்பர் 7ஆம் நாள் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்டது. இரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று விடுதிகள் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் ஞாயிறு முற்பகலில் அங்கே குடும்பத்தோடு அமர்ந்து உண்கின்றனர். முன்பு பெரட்டுக்களத்தில் நின்றவர் வழித்தோன்றல்கள் இன்று மேசையில் அமர்கின்றனர். இது சிறு மாற்றமன்று.

தமிழர் தமக்கென வளர்த்துக்கொண்ட ஞாயிற்று உணவும் ஒன்று உண்டு. புகைவண்டித் தொழிலாளர் குடியிருப்புகளால் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானிலும் வாழையிலைச் சாப்பாடு பெயர் பெற்றது. அங்கே வரிசை முறை இல்லை. சோறும் குழம்பும் காய்கறியும் ஒரே இலையில் கூடுகின்றன. கேட்டால் மறுசோறும் வரும். இன்று மலாய்க்காரரும் சீனரும் அவ்விலையில் உண்கின்றனர்.

பழைய விடுதிகள் புதுப்பிக்கப்படும் காலம் இது. 1932இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் மெஜஸ்டிக் விடுதி, 1984 முதல் 1998 வரை தேசியக் கலைக்கூடமாக இருந்து, 2012இல் புதுப்பொலிவுடன் மீண்டும் விடுதியாயிற்று. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதி 2017 முதல் 2019 வரை புதுப்பிக்கப்பட்டது. அங்குள்ள உணவுக்கூடம் இன்றும் 'டிபன்' என்னும் பெயரையே தாங்குகிறது. சுவரும் தளமும் விளக்கும் பழைய அழகில் மீட்கப்படுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், துரையின் நாற்காலி மட்டும் மீட்கப்பட்டு, மரம் சீவியவரின் நினைவு மீட்கப்படாமல் போனால் அப்புதுப்பித்தல் முழுமையாகாது.

அந்நினைவை மீட்கும் பணி கட்டடக் கலைஞரைவிடத் தமிழாசிரியர்க்கே மிகுதியும் உரியது. 'மல்லிகட்டானி' என்பதை உணவுப் பட்டியலில் காணும் மாணவன், அது மிளகுத் தண்ணீர் என்று அறிதல் வேண்டும். மலாய் மொழியில் 'கெடாய்' என்பது கடை என்றும், 'மெம்பெலாம்' என்பது மாம்பழம் என்றும் அவனுக்குக் காட்டலாம். சொல்லைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தால், விருந்து மேசையிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து தோட்டத்து லயத்திற்கும் அவன் வந்து சேர்வான். அவ்வழியை அறிந்த பிள்ளை, ஞாயிற்று விருந்தில் அமரும்போது தன் முன்னோர் உழைப்பையும் அறிந்து உண்பான்.