திருமானூர்

திருமானூர், அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த ஊர்; ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். தஞ்சாவூர்–அரியலூர் சாலை இங்குதான் கொள்ளிடத்தைக் கடக்கிறது. வடக்கே அரியலூரில் அரசு கலைக் கல்லூரியும், தெற்கே திருவையாற்றில் அரசர் கல்லூரியும் அரசு இசைக் கல்லூரியும் உள்ளன.

வட்டாரத்தின் பழைய வரலாறு கோயில் சுவர்களில் கிடைக்கிறது. கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்கள் சோழருக்கு அடங்கிய பழுவேட்டரையரை நினைவூட்டுகின்றன. மூவர் தேவாரமும் பெற்ற தலம் திருமழபாடி. அங்கே முதலாம் ராஜராஜன் காலத்தில் பழைய விமானத்தைப் பிரிக்குமுன், அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டனர். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய கல்லில் மீண்டும் வெட்டப்பட்டன.

சோழருக்குப் பின், காலப்போக்கில் இப்பகுதி பாளையக்காரர் ஆட்சிக்கு வந்தது.

விரிவான செய்திகள் 18ஆம் நூற்றாண்டுக்கே உள்ளன. இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, தமிழகத்தில் வீரமாமுனிவரானார். இவ்வட்டாரத்து ஏலாக்குறிச்சியில் தங்கி, அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அவ்வூர் மீது கலம்பகமும் பாடினார். 3,615 பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி' 1726இல் முடிந்ததாகக் கூறுவர். உபதேசியாருக்காக 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்துவந்த காலத்தில், 1732இல் அவர் தொகுத்த 'சதுரகராதி' சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள்.

அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயரின் ராஜபிளவைக் கட்டி ஏலாக்குறிச்சி மண்ணாலும் பச்சிலையாலும் குணமாக, அவர் நிலம் வழங்கினார் என்பது தல மரபு. எகர ஒகரக் குறில் நெடிலை வேறுபடுத்திய எழுத்துச் சீர்திருத்தம் முழுவதும் வீரமாமுனிவருடையதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவர் மறைவையும் சிலர் 1742, மணப்பாடு என்பர்; 1747, அம்பலக்காடு என்போரே மிகுதி.

பங்குனியில் திருமழபாடியில் நந்தி கல்யாணம். திருவையாற்று ஐயாறப்பர், மாப்பிள்ளை நந்தியோடு கொள்ளிடம் தாண்டி வருகிறார், மணமகள் சுயசாம்பிகை. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது வழக்கு. அதை நம்பி, மணமாகாத இளைஞரும் பெண்களும் திரள்கின்றனர்.

அரியலூர் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, மறு ஆண்டே இணைந்து, 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. இவ்வட்டாரத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024இல் ராம்சர் தலமாயிற்று; இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே குளிர்காலத்தில் இறங்குகின்றன.