ஈமப் பாவைகளும் முதுமக்கள் தாழியும்

மாண்டவர்க்கு என்ன கொடுத்தனுப்புவது என்பது மனித குலத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. ஒவ்வொரு சமுதாயமும் அதற்குக் கண்ட விடையிலே அதன் வாழ்க்கை நோக்குப் புலனாகின்றது.

நைல் நதிக்கரையில் வாழ்ந்த பண்டை எகிப்தியர், மறுமையிலும் வயலும் வாய்க்காலும் உண்டென நம்பினர். ஆங்கே விதைக்கவும், நீர் பாய்ச்சவும், மணல் சுமக்கவும் இறந்தவனுக்கு அழைப்பு வருமாம். அவ்வேலையினின்றும் தப்புவதற்கு அவர்கள் கண்ட உபாயம் விசித்திரமானது. கல்லாலும் மரத்தாலும், பீங்கான் போல் மெருகேற்றிய நீல நிறப் பொருளாலும் சிறு பாவைகள் செய்து சவத்துடன் வைத்தனர். 'உஷப்தி' எனும் இவற்றின் பெயருக்கு 'விடையளிப்பவர்' எனப் பொருள் கூறுவர். எசமானின் பெயர் அழைக்கப்பட்டதும், மண்வெட்டியும் கூடையும் தாங்கிய இப்பாவை அவனுக்குப் பதிலாக முன்வர வேண்டும். அதற்கான மந்திரம் பாவையின் மேனியிலேயே பொறிக்கப்படுவதுண்டு.

1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் என்னும் இளம் மன்னனின் கல்லறையில் இத்தகைய பாவைகள் 413 இருந்தன. நாளுக்கு ஒருவராக 365 வேலையாட்கள். பத்துப் பேருக்கு ஒருவராக 36 கங்காணிகள். மாதத்துக்கு ஒருவராக 12 மேலாளர்கள். இவ்வுலகில் ஏவலரால் வாழ்ந்தவன் மறுவுலகிலும் ஏவலரையே நாடினான் போலும்!

இனி, நம் முன்னோரை நோக்குவோம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் என்பாரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பாரும், 2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையினரும் அகழ்ந்தனர். எலும்புகளைக் கொண்ட பெருந்தாழிகளோடு இரும்புக் கருவிகளும், பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், வெண்கலக் கலங்களும், நெல்லுமியும் வெளிப்பட்டன. எருமை, புலி, சேவல் ஆகியவற்றின் வெண்கல உருவங்களும் அங்கு கிடைத்தன. அவை கலங்களையும் மூடிகளையும் அழகு செய்தவை. நமது இலங்கையிலும், புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பில் இத்தகைய தாழிக்காடு உண்டு. தாழி வனையும் குயவனை விளித்து இரங்கும் பாடல்கள் புறநானூற்றிலும் உள்ளன.

எகிப்தியர் பணியாளரை அனுப்பினர். பழந்தமிழர் உணவையும் கருவியையும் அனுப்பினர். இருவர் கொடுத்தவையும் மண்ணுள்ளேயே மறைந்தன. பின்வந்த நம் வழக்கிலோ ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அந்தியேட்டியில் இறந்தவர் பெயரால் குடை, பாதரட்சை, வஸ்திரம், பாத்திரம், அரிசி முதலியன தானமாக வழங்கப்படுகின்றன. கொடுப்பது மாண்டவர்க்காக, பெறுவதோ உயிரோடிருப்பவர் கை. இம்மாற்றத்தின் அருமையை நாம் உணரல் வேண்டும்.

ஆயினும், கடன்பட்டும் மரணச் சடங்கை ஆடம்பரமாக நடத்தும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள. துயரத்தோடு கடனும் சேர்ந்து எஞ்சியோரை வருத்துகின்றது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி, தந்தையின் பெயரால் ஓர் ஏழை மாணவனின் பாடப்புத்தகமாக மாறுமாயின், அது தானத்தின் உண்மைக் கருத்துக்கு முற்றும் பொருந்துவதேயாம்.

விடையளிக்கவென்று செய்யப்பட்ட எகிப்தியப் பாவைகள் இன்று நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிகளுள் வாய்மூடி நிற்கின்றன. உதவி பெற்ற மாணவனோ ஒருநாள் வளர்ந்து சமூகத்தின் அழைப்புக்கு விடையளிப்பான். இதனை மூத்தோர் சிந்திப்பாராக; இளைஞர் செயலிற் காட்டுவாராக.