கூகுளில் முதலாம் இடம்: விற்றவர்களும் வாங்கியவர்களும்

சென்ற வாரம் எங்கள் ஊர்ப் புடவைக் கடைக்காரர் ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். கடைக்கு இணையத்தளம் செய்து கொடுத்தவர்கள் புதிதாக ஒரு விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். எழுபத்தையாயிரம் ரூபா கட்டினால் ஒரே மாதத்தில் கூகுள் தேடலில் கடை முதலாவதாக வருமாம். "சேர், மெய்யா இது? குடுக்கலாமா?" என்று கேட்டார்.

நாங்கள் படிப்பிப்பது வரலாறு, கணினி அல்ல. ஆனால் இந்த முதலாம் இட வியாபாரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம். எங்கள் ஊரில் இப்போது பல கடைக்காரர்களுக்கு இப்படிப் பட்டியல் வருகிறது என்று கேள்வி.

இணையத்துக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் தொலைபேசி வழிகாட்டியின் மஞ்சள் பக்கங்களில் கடைப் பெயர்கள் அகர வரிசையில் அச்சாகும். குழாய் திருத்துபவர்களும் பூட்டுத் திறப்பவர்களும் தங்கள் கடைக்கு 'ஏ.ஏ.ஏ.' என்று பெயர் வைத்தார்கள். வேலை சுத்தமா என்பது வேறு விடயம், பெயர் மேலே நிற்கும்.

1990களின் நடுவில் அல்டாவிஸ்டா, லைகோஸ், எக்சைட் போன்ற தேடுபொறிகள் வந்தன. பக்கத்தில் எழுதியிருக்கும் சொற்களை வைத்தே அவை பெரும்பாலும் வரிசைப்படுத்தின. இதைக் கண்டுபிடிக்க வியாபாரிகளுக்கு அதிக நாள் எடுக்கவில்லை. ஒரே சொல்லை நூறு தரம் எழுதினார்கள். வாசிப்பவர் கண்ணில் படாமலிருக்க வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் எழுதினார்கள். பக்கத்தின் பின்னால் தேடுபொறி மட்டும் வாசிக்கிற 'கீவேர்ட்ஸ்' பட்டியல் ஒன்று உண்டு. அதில் தாங்கள் விற்காத பொருளின் பெயரையும், எதிர்க்கடைக்காரரின் பெயரையும்கூட நுழைத்தார்கள். கடைசியில் தேடுபொறிகளே தடுமாறிப்போயின. 1997 நவம்பரில், முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில் ஒன்றே ஒன்றுதான், தன் சொந்தப் பெயரைத் தேடியபோது முதல் பத்துக்குள் தன்னைக் காட்டியது!

இதை எழுதி வைத்தவர்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் சேர்ஜி பிரினும். 1998இல் வந்த அவர்களது கட்டுரையில் இது இருக்கிறது. அவர்கள் எடுத்த வழி நூலகத்திலிருந்து வந்தது. ஓர் ஆய்வை வேறு எத்தனை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் முறையை யூஜின் கார்பீல்ட் என்பவர் 1960களிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். மேற்கோளுக்குப் பதில் இவர்கள் லிங்குகளை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள், கொடுக்கிறவருக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று பார்த்தார்கள். அதே ஆண்டு அது கூகுள் கம்பனி ஆனது.

அதே 1998இல் பில் குரொஸ் என்பவர் 'கோட்டூ' என்ற தேடுபொறியைத் தொடங்கினார். அங்கே இடம் பகிரங்க ஏலத்தில் போகும். யார் எவ்வளவு கட்டினார் என்பதும் பக்கத்திலேயே தெரியும். எங்களுக்கு என்னவோ அதில் ஒரு நேர்மை இருந்ததாகவே படுகிறது. இன்று கூகுளும் இடம் விற்கிறதுதான், ஆனால் அது விளம்பரமாகத் தனியாக நிற்கும். அங்கே கட்டும் காசு சாதாரணத் தேடல் முடிவுகளில் உங்களை ஒரு படிகூட உயர்த்தாது.

கூகுள் லிங்கை மதித்ததும் லிங்கே விற்பனைச் சரக்கானது. இதில் பெரிய கம்பனிகளும் அகப்பட்டன. 2006 பெப்ரவரியில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ தளம், 'பழைய கார்' என்ற சொல்லை அடுக்கிய மறைவுப் பக்கங்களை வைத்திருந்ததற்காகக் கூகுளிலிருந்தே நீக்கப்பட்டது. அவர்கள் பக்கங்களை அகற்றிச் சில நாட்களில் திரும்பிவிட்டார்கள்.

நாங்கள் கடைக்காரருக்கு விரிவாகச் சொன்னது ஜே.சி. பென்னியின் கதையை. அப்போது அமெரிக்கா முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் கொண்டிருந்த பழைய கடை அது. 2010 கடைசியில், பண்டிகை வியாபாரம் சூடாக இருந்த மாதங்களில், உடுப்பு, படுக்கை விரிப்பு, கம்பளம் என்று எதைத் தேடினாலும் அந்தக் கடையே முன்னால் வந்தது. சம்சொனைட் பயணப் பெட்டியைத் தேடினால் சம்சொனைட் கம்பனியின் சொந்தத் தளத்துக்கும் மேலே நின்றது. நியூயோர்க் டைம்ஸ் இதைத் தோண்டியது. கடைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத 2,015 பக்கங்களில் அதற்கு லிங்க் ஒட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. அணுப் பொறியியல், சூதாட்டம், பல்கேரியாவில் காணி வீடு விற்பனை என்று போகிறது அந்தத் தளங்களின் பட்டியல்! 2011 பெப்ரவரி 9ஆம் திகதி மாலை 7 மணிக்கு அந்தப் பெட்டிக்கான தேடலில் கடை முதலாம் இடத்தில் இருந்தது. கூகுள் கை வைத்தது. இரண்டு மணித்தியாலத்தில் 71ஆம் இடம். தங்களுக்கு இது தெரியாது என்று கடை சொன்னது, ஆலோசனை கொடுத்த கம்பனியை நிறுத்தியது. லிங்க் வேலை யாருடையதாக இருந்தாலும், இடத்தை இழந்தது கடைதான்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'பென்குயின்' என்ற பெயரில் வந்த மாற்றம், இப்படி வாங்கிய லிங்குகளைத் தானாகவே பிடிக்கத் தொடங்கியது.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்த விலைப்பட்டியலை வாங்கிப் பார்த்தோம். முதல் வரி: 'கீவேர்ட்ஸ் 500'. அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டெம்பரிலேயே அறிவித்துவிட்டது. இரண்டாவது வரி: 'வெளி லிங்குகள் 2000'. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "பென்னிக்காரன்ட கணக்குத்தான், சேர்" என்றார். மூன்றாவது, 'முதலிடத்துக்கு உத்தரவாதம்'. அப்படி யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

பிறகு எங்கள் போனிலேயே அவரது கடைப் பெயரைத் தேடினோம். கூகுள் வரைபடத்தில் கடை, அவர் மூன்று வருடத்துக்கு முன் விட்டுவந்த பழைய சந்தியில் நின்றது. தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. படம் ஒன்றுகூட இல்லை. அதைத் திருத்தச் செலவு கிடையாது. மஃரிபுக்குப் பிறகு அவரது மகளே உட்கார்ந்து திருத்திவிட்டாள்.